அக்வாவின் பிரேக் தின்ற பெற்றோல்

லீற்றருக்கு 19 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்த கார் மெல்ல மெல்ல இறங்கி 14இல் வந்து நின்றபோது நான் முதலில் சந்தேகப்பட்டது பெற்றோல் ஷெட்டை, பிறகு ரயர் காற்றை, அதற்கும் பிறகு கொழும்பின் காலி (Galle) வீதி நெரிசலை. பிரேக் என் நினைப்பிலேயே வரவில்லை. ஏன் வரப்போகிறது, மிதித்தால் வண்டி வடிவாக நின்றது.

வண்டி 2013 மொடல் டொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட். வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. வேலை பொரளைப் பக்கம். போய்வர ஒரு நாளைக்கு 15 கிலோமீற்றர்கூட வராது, ஆனால் அந்த 15க்குள் நூறு தடவையாவது பிரேக் மிதிப்பேன். ஹைபிரிட்டுக்கென்றே போட்ட வீதி என்று பகிடியாகச் சொல்வோம். 2022இல் இலங்கையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் என்றபோது அந்த 20ஐயும் முடிக்காமல் மிச்சம் வைத்திருந்த வண்டி இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் தனியார் காருக்குத் திரும்பக் கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதற்குள் பழைய அக்வாவுக்குக்கூடப் பவுன் விலை வந்துவிட்டது. ஆகவே விற்றுவிட்டு வேறு வாங்கு என்ற யோசனை எனக்குச் சரிவராது.

ஒரு கராஜில் காட்டினேன். ஸ்கானரைச் செருகிப் பார்த்தார்கள், எந்தக் கோளாறுக் குறியீடும் இல்லை. "அப்ப பற்றரிதான் சேர், இந்த வயசுக்கு அது போகத்தான் செய்யும்" என்று சொல்லி மூன்றரை லட்சம் ரூபாவுக்கு ஒரு கணக்கும் எழுதித் தந்தார்கள். ஒரு கிழமை யோசிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பற்றரி போய்விட்டது என்று சொல்கிறவர் அதை அளந்து பார்த்துச் சொல்லவேண்டாமா?

இனி நடந்ததைச் சொல்வதற்கு ரீஜென், அதாவது பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்ப எடுக்கிற முறை, எப்படி வேலைசெய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாதாரணக் காரில் பிரேக் மிதித்தால் பேட் சில்லோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கடிக்கும், ஓடிய வேகம் முழுக்கச் சூடாகிக் காற்றோடு போகும். ஹைபிரிட்டில் மற்ற நேரங்களில் சில்லைச் சுற்றுகிற மோட்டாரை பிரேக் நேரத்தில் சில்லு சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது, மின்சாரம் எடுக்கும்போது அது காட்டுகிற எதிர்ப்பில்தான் வண்டி மெதுவாகிறது. வருகிற மின்சாரம் இன்வேர்ட்டர் வழியாகப் பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற பற்றரிக்குப் போகும். அக்வாவில் அது 144 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், 20 மொடியூல், எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட் மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் குறைவு.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். நானும் அம்மாவும் ஏறினால் வண்டி ஏறக்குறைய 1200 கிலோ. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் இருப்பது சுமார் 116 கிலோஜூல், அதாவது 32 வாட் மணித்தியாலம். பத்து வாட் பல்பு ஒன்றை மூன்று மணித்தியாலம் எரிக்கலாம். ஒரு தடவைக்கு இது சில்லறைக் காசுதான், ஆனால் காலி வீதியில் அந்தச் சில்லறையை ஒவ்வொரு சந்தியிலும் எறிந்துகொண்டே போகிறோம்.

சரி, வினை எங்கே இருக்கிறதென்றால் பெடலில். இந்த வண்டிகளில் உங்கள் கால் அமுக்குகிற அமுக்கம் நேராகப் பேட்டுக்குப் போவதில்லை. எவ்வளவு மிதித்தீர்கள் என்று ஓர் உணரி பிரேக் கம்பியூட்டருக்குச் சொல்கிறது, அது மோட்டார் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்து மிச்சத்தை மட்டும் பேட்டிடம் கொடுக்கிறது. காலுக்குத் தெரிகிற இறுக்கம்கூட அதற்கென்று வைத்த ஒரு ஸ்பிரிங் சிலிண்டர் தருவது. மோட்டாரால் எடுக்க முடியாவிட்டால் கம்பியூட்டர் சத்தமில்லாமல் முழு வேலையையும் பேட்டுக்கு மாற்றிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, விளக்கும் எரியாது. பெற்றோல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். எனக்கு அதுதான் நடந்தது என்று அப்போது தெரியாது.

காரின் கம்பியூட்டரில் செருகி அதன் எண்களைப் போனுக்கு அனுப்புகிற புளூடூத் ஓபிடி டொங்கிள் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது, பழைய அண்ட்ரொயிட் போனில் ஹைபிரிட் அசிஸ்டன்ட் செயலியைப் போட்டு டாஷ்போர்டில் ஒட்டிவைத்தேன். பார்க்க வேண்டியவை நான்கே நான்கு: பற்றரிக்குள் போகும் அம்பியர், பற்றரியின் வெப்பம், எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, இந்த நொடியில் எத்தனை கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறது. கடைசி எண்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது.

திங்கட்கிழமை காலை, இரவு முழுக்கக் குளிர்ந்த வண்டி. மரைன் டிரைவில் 50இல் போய் மெதுவாக, 16 விநாடி எடுத்து நிறுத்தினேன். அம்பியர் உச்சத்தில் 65 வரை போனது. நல்ல பிள்ளை. அன்று பின்னேரம் நெரிசலில் முக்கால் மணித்தியாலம் ஊர்ந்து வந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தினேன், 20 அம்பியரில் ஏறி அங்கேயே கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டது. பற்றரி 58 சதவீதம், ஆகவே நிரம்பிவிட்டதால் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. வெப்பம் 51 பாகை. வாங்கிக்கொள்ளும் எல்லை காலையில் 20 கிலோவாட் அளவில் இருந்தது, இப்போது வெறும் 3. அப்புறம் செவ்வாய், புதன் என்று பார்த்தேன், ஒவ்வொரு நாளும் இதே கதை: காலையில் வாங்குகிறது, பின்னேரம் கையை விரிக்கிறது.

செத்த பற்றரி காலையிலும் செத்துத்தான் இருக்கும். இது செத்த பற்றரி இல்லை, புழுக்கத்தில் மயங்குகிற பற்றரி.

அதோடு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சில மாதங்களாகப் பின்னேரங்களில் பின் சீற்றுப் பக்கம் தலைமயிர் காயவைக்கிற மெஷின் மாதிரி ஓர் இரைச்சல். ஏசி என்று நினைத்து விட்டுவிட்டேன். அது பற்றரியைக் குளிர்விக்கிற விசிறி முழு வேகத்தில் கத்துகிற சத்தம். பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற துவாரத்தால் காருக்குள் இருக்கும் காற்றைத்தான் அது இழுக்கிறது, காருக்குள் என்னென்ன பறக்கிறதோ அதெல்லாம் அதோடு போகும்.

சனிக்கிழமை சீற்றைக் கழற்றினேன். முன்னெச்சரிக்கை பற்றி இங்கே மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன்: செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடக்கூடாது. வண்டியை நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, உயர் வோல்ட் சுற்றைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பற்றரி 144 என்றாலும் இன்வேர்ட்டருக்குள் அது 520 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது, அங்கே இருக்கிற கெப்பாசிட்டர்கள் உடனே வடிந்துவிடாது. கையுறை இல்லையென்றால் இந்த வேலையில் கைவைக்க வேண்டாம். நான் பிளக்கைப் பையில் போட்டது இன்னொரு காரணத்துக்காகவும்: தங்கச்சியின் மகன் வந்து "மாமா இது என்ன" என்று எடுத்துத் திரும்பச் செருகிவிடக்கூடாது.

கிரில்லைக் கழற்றியதும் சிரிப்புத்தான் வந்தது. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படை, அதற்குள் காய்ந்த செவ்வரத்தை இதழ், முறுக்குத் துண்டு, பிறந்தநாள் அட்டையிலிருந்து உதிர்ந்த மினுக்கம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போய்வரும்போது அர்ச்சனைப் பையைச் சரியாக அந்தத் துவாரத்துக்கு முன்னால்தான் வைப்பா. உள்ளே விசிறி இன்னும் மோசம், ஒவ்வொரு இதழும் தூசியால் உருண்டு அதன் வளைவே தெரியவில்லை. வளைவு இல்லாத விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றைத் தள்ளாது, சத்தம்தான் போடும். பழைய பல் தூரிகையும் வர்ணம் பூசும் தூரிகையும் வைத்து ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். தண்ணீர் படவிடவில்லை, ஊதுகிற மெஷினால் பற்றரிப் பக்கம் ஊதவும் இல்லை, தூசியை இன்னும் உள்ளே தள்ளிவிடும் என்ற பயம்.

எல்லாம் பூட்டி முடித்து பவர் பட்டனை அமுக்கினால் வண்டி ரெடி ஆகவில்லை. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் வெசாக் பந்தல் மாதிரி. வியர்த்துவிட்டது, மூன்றரை லட்சம் கண்முன்னால் வந்து போனது. திரும்பச் சீற்றைக் கழற்றிப் பார்த்தால் சேர்விஸ் பிளக்கின் கைபிடியை உள்ளே தள்ளி மடித்திருக்கிறேன், கடைசியாக ஒரு தடவை நகர்த்திப் பூட்டவில்லை. அந்தக் கடைசிச் சொடுக்குக்குள் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறது, அது சேராவிட்டால் உயர் வோல்ட் பக்கத்தை வண்டி எழுப்பாது. சொடுக்கினேன், ரெடி.

திங்கள் பின்னேரம் அதே நெரிசல், அதே முக்கால் மணித்தியாலம். பற்றரி 40 பாகை. நிறுத்தும்போது 60 அம்பியருக்கு மேல். அம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன்: முதலில் ஒரு நிறுத்தத்துக்கு 35 கிலோஜூல் அளவில் பற்றரிக்குள் போனது, இப்போது 65. இருந்த 116இல் மிச்சம் காற்றுத் தடையிலும் ரயரிலும் மோட்டாரிலும் இன்வேர்ட்டரிலும் போகிறது, கடைசியில் மெல்ல ஊரும் வேகத்தில் மோட்டாரால் பிடிக்க முடியாமல் பேட்டும் கொஞ்சம் தின்கிறது. 65ம் திரும்பச் சில்லுக்கு வரும்போது இன்னும் குறையும். யாராவது ஹைபிரிட் பிரேக் பண்ணின சக்தி முழுக்கத் திரும்பி வருகிறது என்று சொன்னால் நம்பவேண்டாம்.

அடுத்த தாங்கியை முழுதாக நிரப்பி ஓட்டி, திரும்ப நிரப்பி, கணக்குப் பார்த்தேன். லீற்றருக்கு 16.8. முன்னேற்றம்தான், ஆனாலும் 19 இல்லை. இரண்டு கிலோமீற்றர் எங்கே?

இந்த இடத்தில் எனக்கு உதவியது 50 ரூபா பெறுமதி இல்லாத ஒரு கவனிப்பு. ஞாயிறு விடியற்காலை வெறும் வீதியில் ஓடிவிட்டு வந்து இறங்கியபோது இடது முன் சில்லிலிருந்து ஒரு கருகல் மணம். தம்பியிடம் சமையலுக்கு வாங்கிய இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தது, அதைப் பிடித்தால் வலது டிஸ்க் 47 பாகை, இடது 94. பேட்டுக்கு வேலையே இல்லாத ஓட்டத்தில் டிஸ்க் எதற்குச் சுடவேண்டும்? ஜாக் அடித்து, ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வலது இலகுவாகச் சுற்றியது. இடது அரைச் சுற்று வந்து நின்றது, உள்ளே கிரீச் என்று.

பேட்டைக் கழற்றும் முன்பு இன்னொரு எச்சரிக்கை. இந்த வண்டியில் சாரதிக் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்துக்கொண்டு அமுக்கம் ஏற்றும், அந்த ஊங்காரத்தை அக்வா வைத்திருக்கிற எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பேட்டைப் பிடித்து அமுக்குகிற கலிப்பர் கழன்று தொங்கும்போது யாராவது கதவைத் திறந்தாலோ பெடலில் கால் வைத்தாலோ பிஸ்டன் வெளியே வந்துவிடலாம். அதனால் கதவை முதலிலேயே திறந்து, பம்ப் அடங்கவிட்டு, 12 வோல்ட்டைக் கழற்றி, ஸ்டியரிங்கில் "தொடாதே" என்று ஓர் அட்டையும் கட்டிவைத்தேன், மருமகனை மனதில் வைத்து.

உள்பக்கப் பேட் 3 மில்லிமீற்றர், வெளிப்பக்கம் 8. இப்படி ஒன்று தேய்ந்து ஒன்று மிஞ்சினால் கலிப்பர் நகரவில்லை என்று அர்த்தம். அது பின் (pin) என்கிற இரண்டு உருளைக் கம்பிகளில் வழுக்கி முன்னும் பின்னும் போகவேண்டும், அப்போதுதான் பேட் கடித்த பிறகு விட்டுவிலகும். மேல் பின் கையோடு வந்தது. கீழ்ப் பின்னுக்கு நான் பட்ட பாடு! ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் காய்ந்து மெழுகாகி, பின்னில் செம்மண் மாதிரித் துரு. துரு இளக்குகிற டபிள்யூடி-40 ஊற்றி, காத்திருந்து, ஸ்பானரால் இடமும் வலமும் மில்லிமீற்றர் மில்லிமீற்றராக அசைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தது.

இதற்கு நான் குற்றம் சொல்வது ரீஜென்னைத்தான், ஒரு விதத்தில். சாதாரணக் காரில் கலிப்பர் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகி ஈரம் காயும், துருவைப் பேட் தானே வழித்துவிடும். ஹைபிரிட்டில் மோட்டார் வேலையைப் பிடுங்கிக்கொள்வதால் பேட் பல வருடம் உழைக்கும் என்று பெருமையாகச் சொல்கிறோம், அந்தப் பேட்டைத் தாங்குகிற பின் வேலையில்லாமல் கடல் உப்புக் காற்றில் கிடந்து இறுகுவதை யாரும் சொல்வதில்லை. பிறகு அந்த இறுகின பேட், மோட்டார் பிடித்துத் தருகிற சக்தியை ஒவ்வொரு மீற்றருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

பின்னும் உறையும் வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மூன்றாவது கடையில் இருந்த நானா பழைய பின்னை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத மட்டும் மாத்தி வேலையில்ல, ரெண்டு பக்கமும் கிட்டா எடுங்க, ஒங்கட வண்டி கடல் பக்கம்தானே நிக்குது?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "துரு சொல்லுதே." பேட் செற்றும் அங்கேயே எடுத்தேன், எல்லாம் சேர்த்து பற்றரிக் கணக்கின் ஓரத்துக்கும் வரவில்லை. சிலிக்கோன் கிரீஸ்தான் போடவேண்டும் என்று நானா இரண்டு தரம் சொல்லியனுப்பினார், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துத் திரும்ப இறுக்கிவிடும்.

பூட்டும் வேலை சுருக்கமாக முடிந்தது. வலது பக்கப் பின்களும் பாதி வழியில் இருந்தன, அவற்றையும் மாற்றினேன். சில்லு நட்டுகளை டோர்க் ரென்ச்சால் 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். பின்பக்கம் டிரம், திறந்து தூசி துடைத்ததோடு சரி. பிரேக் எண்ணெய் மாற்றவில்லை. இந்த அமைப்பில் காற்று எடுக்க ஸ்கானர் வைத்துப் பம்பை இயக்கவேண்டும், அதை என் கையில் எடுக்க எனக்குத் துணிவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தாங்கி ஓடிவிட்டேன், 18.7உம் 18.9உம்.

இதைக் கேட்ட ஒபிஸ் நண்பன் ஒருவன் "மச்சான், நான் எப்பவும் பி கியரில்தான் ஓடுறன், அதில கூடச் சார்ஜ் ஏறும்" என்றான். அவன் சொன்னது கியர் லீவரில் இருக்கிற B, பார்க்கிங் P இல்லை. நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். பியில் காலை எடுத்ததும் வண்டி கூடுதலாகப் பிடிக்கும், உண்மை. ஆனால் அந்தப் பிடிப்பில் ஒரு பங்கு எஞ்சினை வெறுமனே சுற்றவைத்து வருவது, அதாவது பிடித்த சக்தியை எஞ்சினுக்குள் காற்றை அமுக்குவதில் வீணாக்குவது. கொழும்புக்குள் அது தேவையே இல்லை, வழக்கமாக ஓடுகிற டியில் (D) வைத்து முன்கூட்டியே மெதுவாக பிரேக் மிதித்தால் கூடுதலாக ஏறும்.

பி எதற்கென்று விளங்க வேண்டுமானால் நுவரெலியாவிலிருந்து இறங்கிப் பாருங்கள். 1868 மீற்றர் உயரத்தில் நிற்கும் 1200 கிலோ வண்டிக்குள் கடல்மட்டம் வரை ஏறக்குறைய 6 கிலோவாட் மணித்தியாலம் இருக்கிறது. பற்றரியோ 40 சதவீதத்துக்கும் 80க்கும் இடையில்தான் புழங்கும், அது வெறும் 0.37. நூறு, நூற்றைம்பது மீற்றர் இறங்கினாலே நிரம்பிவிடும், இறம்பொடை வளைவுகள் வரும்போது மோட்டாருக்கு வாங்கிப்போட இடமில்லை, புசல்லாவையும் கம்பளையும் இன்னும் கீழே கிடக்கும். அப்போது பியில் போட்டு எஞ்சினிடம் கொடுத்தால் பேட் கருகாமல் இறங்கலாம். போன ஏப்ரலில் நான் அப்படி இறங்காமல் டியிலேயே வந்ததும் அந்த இடது பேட்டைக் கருக்கியிருக்கலாம் என்று இப்போது சந்தேகம்.

இப்போது ஒரு புதுப் பழக்கம். ஞாயிறு காலை, பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, 40இல் போகும்போது நியூட்ரலில் (N) போட்டு பிரேக் மிதித்து நிறுத்துவேன், நான்கைந்து தரம். நியூட்ரலில் ரீஜென் இல்லை, பேட்தான் முழுக்க வேலைசெய்யும், டிஸ்க்கில் ஏறிய துரு உரசிப்போகும். முதல் நிறுத்தத்தில் சரசரவென்று கேட்கும், மூன்றாவதில் அடங்கிவிடும்.

கிரில்லில் எடுத்த அந்தக் கம்பளிப் படையை ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தேன். அம்மாவுக்குக் காட்டினேன். இதழை அடையாளம் கண்டு "இது நம்ம வீட்டுச் செவ்வரத்தை" என்றா. அடுத்த வெள்ளி கோயிலால் வரும்போது அர்ச்சனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தா. அதற்கடுத்த வெள்ளி பை திரும்பக் கீழே. துவாரத்துக்கு முன்னால் இப்போது நுளம்பு வலைத் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன், மாதத்துக்கு ஒரு தரம் கழற்றி உதறுகிறேன்.